சுத்தபோசனத்து விருந்து

ஒரு வருடம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது. வெள்ளி என்றால் இறைச்சி கூடாது. கிறிஸ்துமஸ் என்றாலோ பெருவிழா. எதைப் பார்ப்பது என்று அசிசியின் பிரான்சிஸைச் சுற்றியிருந்த துறவிகளுக்குள் பேச்சு எழுந்தது. மொரிக்கோ என்கிற சகோதரர் வெள்ளிக்கிழமையின் பக்கம் நின்றார். பிரான்சிஸ் அவரைக் கடிந்துகொண்டார். பாலன் பிறந்த நாளை வெள்ளிக்கிழமை என்று அழைப்பதே பாவம், இன்றைக்குச் சுவர்கூட இறைச்சி தின்ன வேண்டும், அதற்கு வாயில்லையென்றால் மேலே தேய்த்தாவது விடுங்கள் என்றாராம். 13ஆம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமாசு இதைப் பதிவுசெய்திருக்கிறார். தட்டில் ருசியாக ஏதாவது விழுந்துவிட்டால் அதில் சாம்பலைக் கலந்து சாப்பிட்ட மனிதரின் பேச்சு இது. அன்றைய நாளில் எருதுக்கும் கழுதைக்கும் இரட்டிப்புத் தீனி வைக்க வேண்டும், பறவைகளுக்காக வழியெல்லாம் தானியம் இறைக்க வேண்டும் என்றும் அவருக்கு ஆசை இருந்தது. 1223இல் கிரெச்சோ என்ற மலையூரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் தீவனத் தொட்டி வைத்துப் பிறப்பு விழா கொண்டாடியவர் அல்லவா.

இந்த வாக்குவாதத்தில் டிசம்பர் 25ஐப் பிரான்சிஸ் வென்றுவிட்டார். ஆனால் 24ஆம் தேதி மொரிக்கோவின் கையிலேயே தங்கிவிட்டது. இத்தாலியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் உணவு இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே ஓடுகிற ஒரு கோட்டைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. முதல் நாள் இரவு இறைச்சியில்லாத சாப்பாடு; மறுநாள் மதியம் இறைச்சி. தெற்கே போகப்போக இரவுச் சாப்பாடு பெரிதாகிறது, வடக்கே மதியச் சாப்பாடு. எனக்கு அந்த இரவின் மீதுதான் கண்.

நம்மூர்ப் பழைய கத்தோலிக்கர்களுக்கு ஒருசந்தி, சுத்தபோசனம் என்ற இரண்டு சொற்கள் தெரிந்திருக்கும். ஒருவேளை மட்டும் உண்பது ஒன்று, இறைச்சியை விலக்குவது மற்றது. 1917இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்தின்படி கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நாள் இரண்டுமே கட்டாயம். 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் தவ விதிகளைத் திருத்தியபோது அந்த நாள் கடமைப் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டது. அதாவது கடந்த அறுபது ஆண்டுகளாக டிசம்பர் 24 இரவு ஓர் இத்தாலியர் தாராளமாகப் பன்றி வறுவல் சாப்பிடலாம், பாவக்கணக்கில் ஏறாது. சாப்பிடுவதில்லை. கோயில் பக்கமே போகாதவர்கள், கம்யூனிஸ்ட் கட்சிக்கு வாக்களித்த குடும்பங்கள், திருமணத்தைக்கூட நகராட்சி அலுவலகத்தில் முடித்துக்கொண்டவர்கள், அத்தனை பேர் வீட்டிலும் அன்றிரவு மீன். சட்டம் போட்டவரே எடுத்துவிட்ட பிறகும் சமையலறை அதை விடவில்லை.

ஏன் விடவில்லை என்று கேட்டால் பக்தி, ஞாபகம், வேர்கள் என்று பதில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. அந்த விலக்குக்குள் நூற்றாண்டுகளாகச் சமைத்துச் சமைத்து, விலக்கை மீறாமலே ஒரு விருந்தை அவர்கள் கட்டிவிட்டார்கள். விலக்கு போனாலும் விருந்தை யார் விடுவார்கள்?

நேப்பிள்ஸைப் பார்க்கலாம். 24ஆம் தேதி விடிவதற்கு முன்பே நோலானா வாசலை ஒட்டிய மீன் சந்தையில் நடக்க இடமிருக்காது. தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும் தொட்டிகளில் விலாங்குகள் புரளும். அவற்றில் பெரியது, தடித்தது, கப்பித்தோனே. அது பெண் விலாங்கு. ஆண் விலாங்கு அவ்வளவு வளராது. உயிரோடு வாங்கிப் போய் வீட்டில் வெட்ட வேண்டும் என்பதுதான் முறை. வழவழப்பான அந்த உடம்பு கையிலிருந்து நழுவி அடுப்படியில் ஓட, பாட்டி கத்தியோடு துரத்த, பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறிக் கத்த, நேப்பிள்ஸ் குடும்பங்களில் இந்தக் கதை இல்லாத வீட்டைப் பார்ப்பது கடினம். துண்டு போட்ட பிறகும் துண்டுகள் துடிக்கும். மாவில் புரட்டிப் பொரித்துப் பாதியை அன்றே உண்டு, மீதியை வினிகரிலும் பிரிஞ்சி இலையிலும் ஊற வைப்பார்கள்.

இதற்கு ஓர் இறையியல் விளக்கம் உண்டு: விலாங்கு பாம்பு வடிவம், ஏவாளை ஏமாற்றிய பாம்பை மீட்பர் பிறக்கும் இரவில் தின்று தீர்க்கிறோம் என்பது. கேட்க அழகுதான். எல்லாவற்றையும் இவ்வளவு ஒழுங்காகப் பொருத்திவிடும் விளக்கங்கள்மேல் எனக்குச் சந்தேகம். போ ஆற்றின் கழிமுகத்தில் கோமாக்கியோ என்ற ஊர் இருக்கிறது, காயல்களுக்கு நடுவில். அங்கே கிடைக்கும் விளக்கம் வேறு. விலாங்கு நன்னீரிலும் காயலிலும் பல வருடம் வாழ்ந்து, முதிர்ந்ததும் முட்டையிடுவதற்காக அட்லாண்டிக்கைத் தாண்டி சர்காசோ கடலுக்குக் கிளம்புகிறது. கிளம்புவது இலையுதிர் காலத்தின் கடைசியிலும் குளிர்காலத் தொடக்கத்திலும், நிலவில்லாத, புயலடிக்கும் இரவுகளில். கோமாக்கியோ மீனவர்கள் கால்வாய்களில் அம்பு முனை வடிவத்தில் தடுப்பு கட்டிக் காத்திருப்பார்கள். கடலை நோக்கி வருகிறவை தாமாகவே அதற்குள் வந்து சேரும். முன்பு நாணலால் கட்டியது, பிறகு சிமெண்டிலும் இரும்பிலும். பிடித்ததை வரிசை அடுப்புகளில் கம்பியில் கோத்துச் சுட்டு, வினிகரில் போட்டு, நாடெங்கும் அனுப்பினார்கள். ஆக, ஆண்டிலேயே விலாங்கு மிகக் கொழுத்திருக்கும், மிக எளிதாகக் கிடைக்கும் பருவமும், இறைச்சி கூடாத பெருநாளும் ஒரே சமயத்தில் வந்தன. பாம்புக் கதை பின்னால் வந்து உட்கார்ந்திருக்கும்.

மீன் என்றால் கடற்கரைக்காரர்களுக்குச் சரி. மலைக்குள் இருக்கிறவர்கள்? அவர்களுக்கு வடக்குக் கடல்களின் காட் மீன் கருவாடாக வந்தது. 1431இல் கிரீட்டிலிருந்து மது ஏற்றிக்கொண்டு ஃபிளாண்டர்ஸுக்குப் புறப்பட்ட வெனிஸ் வணிகர் பியெத்ரோ குவெரினியின் கப்பல் புயலில் சிக்கியது. உயிர் தப்பிய சிலர் 1432 தொடக்கத்தில் நார்வேயின் லோபோதன் தீவுகளில் போய் ஒதுங்கினார்கள். உப்பில்லாமல் குளிர்காற்றிலேயே கட்டைபோல் காய்ந்த மீனை அங்கே கண்டார்கள். வெனிஸ் சமையலில் அந்தக் கருவாடு நுழைந்த கதையை இவரிடமிருந்துதான் தொடங்குவார்கள். உப்பிட்ட இன்னொரு வகை, பக்கலா, நேப்பிள்ஸுக்கும் ரோமுக்கும் உரியதாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டிய திரெந்து சங்கத்துக்குப் பிறகு விலக்கு நாட்களைக் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியபோது, கெடாத, மலிவான, கழுதை முதுகில் ஏற்றினால் எந்த மலைக்கும் போய்ச் சேருகிற இந்த மீனுக்கு யோகம் அடித்தது. உப்பு இறங்க இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைக்க வேண்டும். அதனால் விருந்தின் வேலை 21, 22ஆம் தேதியே தொடங்கிவிடுகிறது; யாராவது ஒருவர் இரவிலும் எழுந்து பாத்திரத்துத் தண்ணீரை மாற்றியாக வேண்டும்.

நேப்பிள்ஸ் மேசைக்கு அன்றிரவு வருவதைச் சொல்லிக்கொண்டே போகலாம். சிப்பி போட்ட ஸ்பகெத்தி, பொரித்த பக்கலா, விலாங்கு. வேகவைத்த காலிஃபிளவரோடு ஆலிவ், நெத்திலி, ஊறுகாய்க் குடைமிளகாய் சேர்த்த ஒரு சாலட். அது தீரத் தீர மேலே புதிதாகச் சேர்த்துப் புத்தாண்டு வரை ஓட்டுவார்கள். கடைசியில் ஸ்துருஃபோலி: சுண்டைக்காய் அளவு மாவு உருண்டைகளைப் பொரித்துத் தேனில் புரட்டிக் குவித்து, மேலே வண்ணமிட்டாய்த் தூள். ஒறுத்தல் நாளாம்! எந்தப் பாமர வயிறும் இதை ஒறுத்தல் என்று ஒப்புக்கொள்ளாது. ஆனால் வரிக்கு வரி பார்த்தால் சட்டமீறல் எங்கேயும் இல்லை. ஓர் இறைச்சித் துண்டுகூடக் கிடையாது.

அமெரிக்காவில் இதே இரவுக்கு ஏழு மீன் விருந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 1880க்கும் 1924க்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது லட்சம் இத்தாலியர்கள் அங்கே போனார்கள், பெரும்பகுதி தெற்கத்தியர்கள். எண்ணிக்கைக்கு ஏழு அருட்சாதனங்கள், படைப்பின் ஏழு நாட்கள் என்று காரணங்கள் சொல்கிறார்கள். நேப்பிள்ஸிலோ கலாப்ரியாவிலோ போய் ஏழா என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கே கைக்குக் கிடைத்ததையும் பைக்குக் கட்டுபடியானதையும் சமைத்தார்கள், எண்ணவில்லை. ஊரைவிட்டுப் போனவர்கள்தான் எண்ண வேண்டியிருந்தது. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் அதையே செய்கிற இடத்தில் வழக்கத்துக்குப் பெயரும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்.

வடக்கே எமிலியாவில் கதை 25ஆம் தேதி மதியத்துக்குப் போகிறது. விதையடித்த சேவலின் ரசத்தில் மிதக்கும் தொர்தெல்லினி, பூரணம் வைத்து மடித்த சிறு பாஸ்தா. பூரணத்துக்கு இறைச்சி தாராளம்: பன்றி முதுகுக்கறி, புரோஷுத்தோ, மொர்த்ததெல்லா, கூடவே பார்மிஜானோ சீஸ், முட்டை, ஜாதிக்காய். 1974 டிசம்பர் 7 அன்று பொலோஞாவின் வணிக மன்றத்தில் நோட்டரி முன்னிலையில் இந்தப் பூரணத்தைப் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். பதிவு செய்தாகிவிட்டது என்பதற்காக எந்த வீடும் தன் அளவை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த ஊரான மொதெனாவோ தொர்தெல்லினி தன்னுடையது என்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் காஸ்தெல்பிராங்கோ, விடுதியில் தங்கிய வீனஸின் தொப்புளைச் சாவித்துவாரத்தில் பார்த்த சமையற்காரன் அதே வடிவில் செய்தான் என்று ஒரு கதை கட்டி, தானும் பங்குக்கு நிற்கிறது.

கதையில் சமையற்காரன், நிஜத்தில் பெண்கள். மாவை நீளமான உருளைக் கட்டையால் மறுபக்கம் தெரிகிற மெல்லிசுக்குத் திரட்டி, சிறு சதுரமாக வெட்டி, பூரணத்தைக் கடலையளவு வைத்து, மடித்து, சுண்டுவிரலில் சுற்றி ஒட்டுவது. ஒரு குடும்பத்துக்கு இதைப் போல ஆயிரத்துக்கு மேல் வேண்டியிருக்கும். பாட்டி, மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி, சுண்டுவிரல் மெலிதாக இருப்பதால் பிடித்து உட்காரவைக்கப்பட்ட சிறுமிகள் என்று ஒரு மேசையைச் சுற்றி டிசம்பர் மாதத்து மாலைகள் கரையும். அந்த மேசையின் பேச்சும் வம்பும் சிரிப்பும் பற்றி இன்று நிறைய ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். முதுகுவலி பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் கூட்டத்தில் ஆண்கள் எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'மேசையில், மறுநாள்' என்பதுதான் பதில்.

பெல்லெக்ரீனோ அர்தூசி என்பவரை இங்கே சொல்ல வேண்டும். ரொமாஞாவில் பிறந்து, பட்டு வணிகத்தில் சம்பாதித்து, பிளாரன்ஸில் குடியேறிய பிரம்மச்சாரி. 1891இல் தன் செலவிலேயே ஒரு சமையல் நூலை அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள்; நாடெங்கிலுமிருந்து குடும்பப் பெண்கள் கடிதம் எழுதி எழுதிக் கடைசிப் பதிப்பில் 790. இத்தாலி என்ற நாடு ஒன்றுபட்டு அப்போது முப்பது வருடம்தான் ஆகியிருந்தது. ஓர் ஊரின் சமையல் அடுத்த ஊருக்குத் தெரியாத காலம். அந்த நூலில் தொர்தெல்லினி போலவே பூரணம் வைத்த தன் ஊர்க் கப்பெல்லெத்தியைப் பற்றிச் சொல்லும்போது, கிறிஸ்துமஸ் அன்று நூறு விழுங்கினேன் என்று மார்தட்டுகிறவர்களைக் கிண்டல் செய்கிறார். செய்து பார்த்தது யார்? அவருடைய சமையற்காரர்களான பிரான்செஸ்கோ ருபில்லியும் மரியெத்தா சபத்தீனியும். மரியெத்தாவின் பனெத்தோனே என்ற கிறிஸ்துமஸ் இனிப்பு ரொட்டி அவள் பெயரிலேயே நூலில் இருக்கிறது, மிலான் கடைகளில் விற்பதைவிட இது மேல் என்ற சான்றிதழோடு. இறக்கும்போது நூலின் உரிமையை இந்த இருவருக்கும் எழுதிவைத்தார். அந்த மேசைகளில் உழைத்த மற்றப் பெண்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

மிலான் கடைப் பனெத்தோனே என்றதும் ஒரு சிறு சச்சரவைத் தொட்டுவிட்டுப் போகலாம். பார்மா பல்கலைக்கழகத்தின் அல்பெர்தோ கிராந்தி, இத்தாலியர்கள் தொன்றுதொட்டது என்று நெஞ்சில் வைத்திருக்கும் பல உணவுகள் 20ஆம் நூற்றாண்டின் ஆலைச் சரக்கு என்று எழுதிப் பலரின் கோபத்தைச் சம்பாதித்தவர். பனெத்தோனேயைப் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் உண்டு. 1919இல் மிலானில் தொழில் தொடங்கிய ஆஞ்செலோ மோத்தாவின் கடையிலிருந்துதான் இன்றைய உயர்ந்த கோபுர வடிவம் நாடு முழுக்கப் பரவியது. வெரோனாவின் கிறிஸ்துமஸ் கேக்கான பந்தோரோவுக்குப் பிறந்த தேதியே உண்டு: 1894 அக்டோபர் 14 அன்று தொமெனிக்கோ மெலெகாத்தி காப்புரிமை வாங்கினார். 2005ஆம் ஆண்டு அரசாணை ஒன்று பனெத்தோனே என்ற பெயர் போட வேண்டுமானால் வெண்ணெய் குறைந்தது 16 சதவீதம், உலர்திராட்சையும் சர்க்கரைப்பாகில் ஊறிய பழத்தோலும் 20 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. காப்புரிமையும் அரசாணையும் வைத்திருக்கும் பாரம்பரியம்! ஆனால் கிராந்தியோடு ஓரிடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஆலையில் பிறந்தது என்பதால் அது வீட்டுக்குச் சொந்தமாகாமல் போய்விடுமா? மிலான் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் பனெத்தோனேயில் ஒரு துண்டை எடுத்து வைத்து, தொண்டையைக் காக்கும் புனித பியாஜோ திருநாளான பிப்ரவரி 3 அன்று காலையில் உண்கிறார்கள். காய்ந்து போன அந்தத் துண்டு ஆலையிலிருந்து வந்ததா என்று தொண்டை கேட்பதில்லை. 2025 டிசம்பரில் டெல்லி செங்கோட்டையில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலையும் நம் தீபாவளியையும் ஒரே கூட்டத்தில் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை தொன்மையானது என்று நிரூபித்தால்தான் அந்தப் பட்டியலில் இடம் என்றால் எத்தனை வழக்கங்கள் தேறும்?

மாந்துவாப் பக்கத்தில் 24ஆம் தேதி இரவுக்குப் பூசணித் தொர்தெல்லி. வேகவைத்து மசித்த பூசணியோடு பாதாம் பிஸ்கட் தூள், கடுகு நெடியேறிய பழ ஊறுகாய், சீஸ், ஜாதிக்காய் கலந்த பூரணம். இனிப்பும் காரமும் ஒரே வாயில். மீன்கூட இல்லாத சுத்தபோசனம். அந்த மாவட்டத்துக் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரேயில்தான் 1680இல் கொன்ஸ்தான்சோ பெஸ்கி பிறந்தார், நம் வீரமாமுனிவர். தமிழ்நாட்டில் காவி கட்டி மரக்கறி உண்டு வாழ்ந்த அவருடைய பிறந்த மண்ணில் பெருநாள் இரவின் பெருமைக்குரிய உணவு பூசணியில் செய்தது என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அதற்கு மேல் பொருள் ஒன்றும் இல்லை.

இன்னொரு தமிழ்த் தொடர்பு கனமானது. சிசிலியின் பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் பல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பெல்லெக்ரீனோ மலையேறிப் போகும் இந்துக்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலோருக்கு வீட்டு வேலையும் முதியவர் பராமரிப்பும்தான் பிழைப்பாக இருந்து வந்திருக்கிறது. டிசம்பர் 13, புனித லூச்சியா நாளில் பலெர்மோ ரொட்டியும் பாஸ்தாவும் தொடாது. பஞ்ச காலத்தில் துறைமுகத்துக்குக் கோதுமைக் கப்பல் வந்ததாம். அரைக்கக்கூடப் பொறுமையில்லாமல் மக்கள் அவித்தே தின்றார்களாம். அதன் நினைவாக அவித்த கோதுமையில் குச்சீயா, கூடவே சோற்று உருண்டையைப் பொரித்த அரஞ்சீனே. மகள்களும் மருமகள்களும் அலுவலகம் போகத் தொடங்கிய பிறகு, மூட்டுத் தேய்ந்த பாட்டிமார் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்று செய்கிற கைகளில் இப்போது இந்தப் புலம்பெயர்ந்தவர்களின் கைகளும் இருக்கின்றன. குடும்பப் பாரம்பரியம் என்று பேசும்போது அந்தக் குடும்பப் புகைப்படத்தில் யார் நிற்கவில்லை என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்.

விலாங்குக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது போய்க்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய விலாங்கு அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்திருக்கிறது. கடலிலிருந்து ஆறுகளுக்குத் திரும்பும் கண்ணாடிக் குஞ்சுகள் 1980களுக்கு முன்பு இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அணைகள், வற்றவைத்த சதுப்புகள், ஒட்டுண்ணி, அளவில்லாத மீன்பிடிப்பு என்று காரணங்கள் பல. பண்ணையில் வளர்க்கலாமே என்றால், பண்ணைக்கும் கடலிலிருந்துதான் குஞ்சைப் பிடித்து வர வேண்டியிருக்கிறது; குஞ்சு பொரிக்க வைத்து வணிகத்துக்குக் கட்டுபடியாக வளர்க்கும் வித்தை இன்னும் கைகூடவில்லை. நேப்பிள்ஸிலேயே இளையவர்கள் பலர் கப்பித்தோனேயைத் தொடுவதில்லை; அழிவுக்கு அஞ்சியல்ல, அடுப்படியில் பாம்பைத் துரத்தும் ஆசை அவர்களுக்கு இல்லை. சால்மன் துண்டு போதும். இறைச்சி இல்லை என்பது மட்டும் மாறாமல் நிற்கிறது.

உம்ப்ரியாவில் திரசிமேனோ ஏரிப் பக்கம் ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு கடுங்குளிரில் ஏரி உறைந்துபோயிற்று. தீவு மடத்துக்கு விருந்தினர் வந்திருக்கிறார்கள், அன்று இறைச்சி கூடாத நாள், மீனும் கிடையாது. கன்னியர்கள் சரக்கறையில் இருந்த பாதாமை அரைத்துச் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பிசைந்து, சுருண்டு படுத்த விலாங்கின் உருவத்தில் வார்த்துச் சுட்டு வைத்தார்களாம். பாம்பு வடிவப் பலகாரங்கள் கிறிஸ்தவத்துக்கும் முந்தையவை என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எப்படியோ, தொர்சிலியோனே என்ற பெயரில் அது பெருஜியாவின் இனிப்புக் கடைகளில் டிசம்பர் முழுக்க விற்கிறது: உடம்பெல்லாம் செதிலாகப் பாதாம், கண்ணுக்கு இரண்டு காப்பிக்கொட்டை. எடைக்கு வெட்டியும் தருவார்கள்.